அவோபாதாய் மேட்டில் வீடு: பேருந்தை நம்பிக் குடிபோகலாமா?

மழைக்குடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். யோகோஹாமா நகரின் அவோபா வட்டத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் வாரத்தில் 4 நாள் தோக்கியோவின் ஓதேமாச்சியில் உள்ள அலுவலகத்துக்குச் செல்கிறேன். கணவருக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. மகள் வரும் ஏப்ரலில் முதல் வகுப்பில் சேர்கிறாள். அவோபாதாய் நிலையத்தில் தென்-என்-தோஷி தடத்து ரயிலில் ஏறினால், அது ஷிபுயாவுக்குப் பிறகு ஹான்சோமோன் சுரங்கத் தடத்தில் புகுந்து ஓதேமாச்சிவரை நேராகச் சென்றுவிடுகிறது. நடுவில் இறங்கி மாற வேண்டியதில்லை என்பதால்தான் இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம்.

இப்போது இரண்டு வீடுகள் எங்கள் முன் உள்ளன. முதல் வீடு, விளம்பரத்தின்படி, நிலையத்திலிருந்து 7 நிமிட நடை. அறைகள் மிகச் சிறியவை, வெயிலே எட்டிப் பார்க்காது. இரண்டாவது வீடு பேருந்தில் 13 நிமிடம், நிறுத்தத்திலிருந்து 3 நிமிட நடை. ஓர் அறை கூடுதல், தெற்குப் பார்த்த பால்கனி, வாடகையும் மாதம் 28,000 யென் குறைவு. ஜப்பானுக்கு வந்த 4 ஆண்டுகளில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டதால், அன்றாடம் பேருந்தை நம்பி வாழ்வது எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. சுற்றுலாப் பயணிகளுக்கான குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. குடியிருப்பவர்களின் அனுபவத்தைத்தான் கேட்க விரும்புகிறேன்.

பழைய பயணி

நான் 2009 முதல் கனகாவா மாநிலத்தில் வசிக்கிறேன். நேராகவே சொல்கிறேன்: முதல் வீட்டை எடுங்கள்.

விளம்பரத்தில் வரும் நடை நிமிடங்கள், 80 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடமாகக் கொண்டு கணக்கிடப்படுபவை. அதில் மேடும் சேராது, சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமும் சேராது. பேருந்து நிமிடங்கள் என்பவை வண்டி ஓடும் நேரம் மட்டுமே. நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமும், மழை நாளில் நிலையத்தை நெருங்கும் கடைசி வளைவில் வரிசைகட்டி நிற்கும் நேரமும் அவற்றில் இல்லை. ஆகவே 13 நிமிடம் என்று எழுதியிருந்தால், காலை வேளையில் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் இரவில் இருக்கிறது. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி வந்தாலும், கடைசிப் பேருந்து அதற்கு வெகுமுன்பே போய்விடும். 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஓய்வு 8 மணி நேரத்திலிருந்து 9 மணி நேரமாக உயர்ந்தது. ஓட்டுநர்களுக்கு இது மிகவும் நியாயமான ஏற்பாடு. ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர்கள் குறைவாக இருக்கும் நிலையில், இரவில் கடைசியாகவும் விடியலில் முதலாகவும் ஓடும் வண்டிகள்தான் முதலில் வெட்டப்படுகின்றன. எங்கள் நிறுத்தத்தில் அந்த ஆண்டு ஒரு காகிதம் ஒட்டினார்கள். 23:10-க்கு இருந்த கடைசி வண்டி 22:25-க்கு வந்துவிட்டது. அதை நம்பி வீடு எடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒசாகா மாநிலத்தின் தொன்தபாயாஷி பகுதியில் கொங்கோ பேருந்து நிறுவனம் 2023 டிசம்பர் 20-ஆம் தேதியோடு தன் எல்லா வழித்தடங்களையும் நிறுத்திக்கொண்டது. மலையோரக் கிராமத்தில் அல்ல, பெருநகரத்தின் புறநகரிலேயே இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுவீடு

பழைய பயணி அண்ணன் சொல்லும் தகவல்கள் எல்லாம் சரியானவை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் 9 ஆண்டுகளாகப் பேருந்து வழியில், இதைப் போன்ற ஒரு மேட்டில்தான் குடியிருக்கிறேன்.

காலை 7:20-க்கு எங்கள் நிறுத்தத்தில் வழக்கமாக எட்டுப் பேர் நிற்போம். யாரும் சொல்லாமலேயே வரிசை அமைந்துவிடும். முன்கதவு திறக்கும், பணம் ஏற்றிய பயண அட்டையைக் கருவியில் வைத்தால் ஒரு ஒலி, அவ்வளவுதான். ஊன்றுகோலோடு ஒரு பாட்டி ஏறுவார். அவர் இருக்கையில் அமரும்வரை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்து, அமர்ந்த பிறகுதான் ஒலிவாங்கியில் "புறப்படுகிறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வண்டியை நகர்த்துவார். இறங்கும் இடம் வந்தாலும் வண்டி முழுமையாக நிற்கும்வரை யாரும் எழ வேண்டாம் என்று அறிவிப்பு வரும். பொத்தானை அழுத்திவிட்டு அமர்ந்தே இருக்கலாம். சென்னையில் ஓடும் வண்டியில் படிக்கட்டுக்கு நகர்ந்து பழகிய எனக்கு, நின்ற பிறகு எழுவதற்குப் பழக ஓராண்டு ஆயிற்று. காலையில் இந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு யாரும் எதுவும் கேட்காத நேரம். அதை நான் இழந்த நேரமாக எண்ணியதே இல்லை.

எனவே பேருந்தா நடையா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த நிறுத்தம் என்று பாருங்கள். ஒரே ஒரு வழித்தடம் வரும் நிறுத்தமும், இரண்டு மூன்று வழித்தடங்கள் ஒன்றுசேர்ந்த பின் வரும் நிறுத்தமும் ஒன்றல்ல. முன்னதில் ஒரு வண்டி போனால் அடுத்தது 20 நிமிடம் கழித்து வரும். பின்னதில் 6 நிமிடத்தில் வந்துவிடும். ஒரு வழித்தடத்தை வெட்டினாலும் மற்றது மிஞ்சும். ஆனால் நிலையத்துக்கு நெருங்கிய நிறுத்தமாக இருந்தால் வண்டி நிரம்பியே வரும். சில நாட்களில் ஏற இடமில்லாமலும் போகும். மேலே, வண்டி புறப்படும் இடத்துக்கு அருகில் இருந்தால் உட்கார இடம் உறுதி. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

நிறுத்தத்தில் உள்ள நேர அட்டவணையில் வேலை நாள், சனி, ஞாயிறும் விடுமுறையும் என்று மூன்று பத்திகள் இருக்கும். வேலை நாள் பத்தியை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை 8 மணிக்கு மேல் எத்தனை வண்டிகள் என்று எண்ணுங்கள். அந்த வழித்தடம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை

ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. மழைக்குடை அவர்கள் ஒப்பந்தத்தில் முத்திரை வைப்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

நிறுவனம் தரும் போக்குவரத்துப் படி, ரயிலும் பேருந்தும் சேர்த்து மாதம் 150,000 யென் வரை வருமான வரிக்கு உட்படாது. ஆனால் உடல்நலக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பிடித்தம் செய்யும்போது இந்தப் படியும் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். இது பலருக்குத் தெரியாது; தொலைவுக்குக் குடிபோன பிறகு கைக்கு வரும் தொகை ஏன் குறைந்தது என்று என்னிடம் வந்து கேட்பார்கள்.

அடுத்தது பேருந்துப் பாஸ். வீட்டிலிருந்து நிலையம் 2 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் பேருந்துக்குப் பணம் என்று பல நிறுவனங்கள் விதி வைத்துள்ளன. உங்கள் இரண்டாவது வீடு 1.8 கிலோமீட்டரில் இருந்தால் பேருந்துச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும்; 28,000 யென் சேமிப்பில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். பேருந்து என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு மிதிவண்டியில் போவதையும் தவிருங்கள். தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு ஒழுங்கு நடவடிக்கையும் எடுப்பார்கள்.

தேய்கி என்று நாம் எல்லோரும் சொல்லும் பயணப் பாஸ் 1, 3, 6 மாதங்களுக்குக் கிடைக்கிறது. 6 மாதப் பாஸ்தான் மலிவு, நிறுவனங்களும் பெரும்பாலும் அதற்கே பணம் தரும். ஆனால் இடையில் வீடு மாறினால், பயன்படுத்திய மாதங்களுக்கு 1 மாத, 3 மாதப் பாஸ் விலையில் கழித்து, 220 யென் கட்டணத்தையும் கழித்து மீதியைத்தான் தருவார்கள். நான்காவது மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் அது முழு மாதமாகவே கழியும். எனவே குடிபோகும் தேதியைப் பாஸின் மாத முடிவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குடை

மிக்க நன்றி. இரண்டாவது வீடு 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்தேன். நடைவழியில் அளந்தால் 2.3 வருகிறது, நேர்க்கோட்டில் அளந்தால் 1.9. எதை எடுத்துக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: வாரம் 4 நாள் மட்டும் செல்பவருக்குப் பாஸ் எடுப்பது இலாபமா?

கணக்குப்பிள்ளை

ரயிலையும் பேருந்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோக்கியோ மாநகர அரசின் பேருந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 23 வட்டங்களுக்குள் ஒரு பயணம் 210 யென்; ஒரு மாதப் பாஸ் 9,450 யென். அதாவது 45 பயணங்களின் விலை, 22 நாளுக்கும் சற்று மேல். வாரம் 4 நாள் என்றால் மாதம் ஏறத்தாழ 17 நாள், 7,140 யென்தான் ஆகும். வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் பாஸ் நட்டம். ஆனால் அந்தப் பாஸ் ஒரு வழித்தடத்துக்கு மட்டுமல்ல, 210 யென் வாங்கும் அந்தப் பேருந்துகள் அனைத்துக்கும் செல்லும் என்பதால், வார இறுதியிலும் சுற்றுபவருக்குக் கணக்கு மாறிவிடும். யோகோஹாமாவில் உங்கள் வழித்தடத்துக்கு என்ன விதி என்பதைப் பேருந்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் பாஸில் தள்ளுபடி அதிகம். 17 நாளுக்கு அது ஏறக்குறைய விளிம்பில் நிற்கும். ஆனால் வழியில் எந்த நிலையத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். ஃபுதாகோ-தாமகாவாவில் காய்கறி வாங்கவும், ஷிபுயாவில் மகளுக்கு உடை வாங்கவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செல்லும்போதும் உங்கள் கட்டணம் மட்டும் இலவசமாகிவிடுகிறது. இதை மக்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிஷிகசாய் அம்மா

குழந்தையை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் வாழும் நிஷிகசாய், தோசாய் சுரங்க ரயில் தடத்தில் இருக்கிறது. அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே 2019-ஆம் ஆண்டில் காலை நெரிசல் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம் என்று அரசே கணக்குச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் குழந்தையோடு ஏறியிருக்கிறேன். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அதற்கும் வயிற்றுக்கும் நடுவில் மகனின் தலை நசுங்காமல் இரு கைகளாலும் கதவைத் தாங்கி நின்றேன். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர் தன் முதுகால் கூட்டத்தைத் தடுத்து எங்களுக்கு ஒரு கை அகலம் இடம் உண்டாக்கிக் கொடுத்தார். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் இறங்கிவிட்டார்.

குழந்தைக்கு 6 வயது நிறைந்தாலும், பள்ளியில் சேரும்வரை மழலைக் கணக்குதான். கட்டணம் செலுத்தும் ஒருவரோடு இரண்டு மழலைகள் இலவசமாக வரலாம். ஏப்ரலில் முதல் வகுப்புக்குப் போனதும் பாதிக் கட்டணம் தொடங்கும். அதற்கு முன்பே சிறுவர் அட்டை வாங்கிவிடுங்கள். வயதுச் சான்றைக் காட்ட வேண்டும் என்பதால் இயந்திரத்தில் உடனே கிடைக்காது. ஓதாக்யூ ரயில் நிறுவனம் 2022 மார்ச் முதல் சிறுவர் அட்டைக்கு எவ்வளவு தூரமானாலும் 50 யென் மட்டுமே வாங்குகிறது. எனோஷிமா கடற்கரைக்கு நாங்கள் அதில்தான் போகிறோம்.

ஒரு வேண்டுகோள். மகளைத் தனியே பேருந்தில் அனுப்பும் நாள் வரும். இங்கே குழந்தைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். அதற்கு முன் பத்து முறையாவது அவளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் செல்லுங்கள். பொத்தானை எப்போது அழுத்துவது, தவறவிட்டால் என்ன செய்வது என்பதை அவளாகவே முடிவெடுக்க விடுங்கள்.

கியூஷூ மாணவி

நான் குமமோத்தோவில் படிக்கிறேன். இங்கே தோக்கியோ பக்கத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு வருபவர்கள் முதல் நாளே திகைத்துவிடுகிறார்கள். 2024 நவம்பர் 16 முதல் இம்மாநிலத்தின் 5 பேருந்து நிறுவனங்களும் குமமோத்தோ மின்ரயிலும் சூய்கா, பாஸ்மோ போன்ற நாடு தழுவிய பயண அட்டைகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. வண்டிகளில் உள்ள கருவிகளைப் புதுப்பிக்க 120 கோடி யென்னுக்கு மேல் ஆகும் என்பதே காரணம். உள்ளூர் அட்டை செல்லும். கடன் அட்டையைத் தொட்டும் பயணிக்கலாம். நாட்டில் முதன்முதலாக இப்படிப் பின்வாங்கிய ஊர் என்று செய்திகளில் பேசினார்கள். எனக்கு அந்த நிறுவனங்கள் மீது கோபமில்லை. ஆளில்லாத வழித்தடங்களை ஓட்டிக்கொண்டே அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்?

கிராமப்புற வண்டிகளில் ஏறும்போது கதவருகே உள்ள பெட்டியிலிருந்து செய்ரிகென் என்ற எண் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறிக்கொண்டே போகும். என் சீட்டில் 3 என்றிருந்தால், பலகையில் 3-க்குக் கீழே இறங்கும்போது என்ன தொகையோ அதைச் சில்லறையாகப் பெட்டியில் போட வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் மீதி தராது. பக்கத்தில் உள்ள மாற்றும் பகுதியில் 1,000 யென் தாளை முன்பே நாணயமாக்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் புதிய தாள்கள் வந்தபோது, பழைய கருவி உள்ள வண்டிகளில் அவை செல்லவில்லை. ஓட்டுநரே தன் பையிலிருந்து பழைய தாளைக் கொடுத்து மாற்றி உதவியதைப் பார்த்திருக்கிறேன். சில்லறைப் பை ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும்.

பழைய பயணி

மீண்டும் தலைப்புக்கு வருகிறேன். வீட்டுக்கான தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது தடைப்படும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நேர் ரயில் வசதிதான். ஆனால் உங்கள் ரயில் ஓதேமாச்சியைத் தாண்டி வடக்கே சைதாமா மாநிலம்வரை போகிறது. அங்கே ஒரு தடங்கல் என்றால் அதன் தாமதம் அவோபாதாய்க்கும் வந்து சேரும்.

ரயில் நின்றுவிட்டால் ஃபுரிகாயே என்ற மாற்றுப் பயண ஏற்பாட்டை அறிவிப்பார்கள். வேறு நிறுவனத்தின் ரயிலில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சுற்றிப் போகலாம். அவோபாதாயிலிருந்து நாகாத்சுதா சென்று யோகோஹாமா தடத்திலோ, அஸாமினோவில் நகரச் சுரங்க ரயிலிலோ போகலாம். ஆனால் இந்த உரிமை பாஸ் வைத்திருப்பவர்களுக்கும், முன்பே காகிதச் சீட்டு வாங்கியவர்களுக்கும்தான். அட்டையில் உள்ள பணத்தைத் தொட்டு உள்ளே போனவர்களுக்குக் கிடையாது. அவர்கள் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியே செலுத்த வேண்டும். வாரம் 4 நாள் செல்பவர்கூடப் பாஸ் எடுப்பதற்கு என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே போதும். தாமதச் சான்று தேவையென்றால் வாயிலில் நின்று வாங்க வேண்டியதில்லை, இணையத்திலேயே கிடைக்கிறது.

மேட்டுவீடு அவர்கள் நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பேருந்தே இல்லாத நாளில் நடந்து வீடு சேர முடியாத வீட்டை எடுக்காதீர்கள். 2011 மார்ச் 11 அன்று பெருநகர ரயில்கள் அனைத்தும் நின்றபோது எத்தனையோ பேர் இரவெல்லாம் நடந்து போனார்கள். நானும் அதில் ஒருவன். நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள கடைசி மேடு எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் கால்களால் அறிந்தேன்.

மேட்டுவீடு

அண்ணன் சொல்வது சரிதான். நானும் மாதம் ஒருமுறை நிலையத்திலிருந்து நடந்தே வருகிறேன், 26 நிமிடம். மழைக்குடை, ஒரு மழை நாள் காலையில் நேரில் போய் நின்று பாருங்கள். மற்றதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

மழைக்குடை

போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. 7:30 மணிக்கு இரண்டாவது வீட்டு நிறுத்தத்தில் நின்றேன். குறித்த நேரத்துக்கு 9 நிமிடம் தாமதமாக வந்த வண்டியில் படிவரை ஆட்கள். மடக்கிய குடைகளிலிருந்து ஒழுகிய நீர் தரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு நின்றவர்களில் மூவர் ஏற முடியாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். நிலையத்தை அடைய 27 நிமிடம் ஆயிற்று. அது ஒரே வழித்தடம் உள்ள நிறுத்தம். ஞாயிறு இரவுப் பத்தியில் 8 மணிக்குப் பிறகு மூன்றே வண்டிகள்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். வீட்டுத் தரகரிடம் இரண்டு வழித்தடங்கள் சேரும் நிறுத்தம் வேண்டும் என்று கேட்டபோது, இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஒன்றைக் காட்டினார். பேருந்தில் 8 நிமிடம், நடந்தால் 21 நிமிடம். திரும்பும்போது மேடு இருக்கிறது, ஆனால் நடைபாதை அகலமானது, விளக்குகளும் உண்டு. வாடகை முதல் வீட்டைவிட 15,000 யென் குறைவு. அலுவலகம் நேர்க்கோட்டில்தான் அளக்குமாம். எனவே பேருந்துச் செலவு எங்களுடையது. அதையும் சேர்த்துப் பார்த்த பின்பே ஒப்புக்கொண்டோம். திரும்பும்போது மகள் பொத்தானை ஒரு நிறுத்தம் முன்னதாகவே அழுத்திவிட்டாள். ஓட்டுநர் நிறுத்திக் கதவைத் திறந்தார், நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், அவர் தலையசைத்துக் கதவை மூடினார். நிஷிகசாய் அம்மா சொன்ன பத்து முறையில் இது முதலாவது.

கடைசியாக ஒரு கேள்வி: குடிபோகும் நாள் 1-ஆம் தேதி. பாஸை அன்று காலை வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

வேண்டாம். தொடங்கும் நாளுக்கு 14 நாள் முன்பிருந்தே வாங்கிக்கொள்ளலாம். ஏப்ரல் தொடக்கத்தில் மாணவர்கள் எல்லோரும் வந்துவிடுவதால் பாஸ் விற்கும் சாளரத்தில் வரிசை மிக நீளமாக இருக்கும். மார்ச் மூன்றாம் வாரத்தில், வேலை நாள் பிற்பகலில் போய் முடித்துவிடுங்கள். ரயில் இரண்டு நிறுவனங்களுடையதாக இருந்தாலும் ஒரே அட்டையில் ஏற்றித் தருவார்கள். பெயர் பதிந்த அட்டையாக எடுங்கள்; தொலைந்தால் பாஸும் மீதிப் பணமும் புதிய அட்டைக்கு வந்துவிடும்.